சுள்ளி யாருடையது?

என்னிடம் ஒரு விறகடுப்பு இருக்கிறது. துருப்பிடிக்காத எஃகு, இரட்டைச் சுவர், எடை 400 கிராம். பிரித்து மடக்கினால் ஒரு சின்னச் சட்டிக்குள் ஒடுங்கிவிடும். நாலு வருஷத்துக்கு முன்னால் இணையத்தில் வாங்கினேன். பார்சல் வந்த அன்று அம்மா அதைக் கையில் வாங்கித் தலைகீழாகத் திருப்பி, ஓட்டைகளை எல்லாம் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எய்யா, இது என்ன வெல?" என்றாள். விலையைப் பாதியாகக் குறைத்துச் சொன்னேன்.

"சுள்ளி எரிக்கதுக்கா?"

அவ்வளவுதான் கேட்டாள். அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அந்தக் கேள்வியில் இருந்த கிண்டல் அன்றே புரிந்தது. அதற்குள் இருந்த மற்றதெல்லாம் புரியத்தான் நாள் ஆனது. இந்தக் கட்டுரை என் அடுப்புக்கு எதிரானது அல்ல. அதைக் கையில் தூக்கிக்கொண்டு மலையேறும் என் போன்றவர்கள் சொல்லிக்கொள்ளும் ஒரு பொய்க்கு எதிரானது. "எரிபொருளைச் சுமக்க வேண்டாம், காட்டில் சும்மா கிடக்கிறது" என்பதுதான் அந்தப் பொய்.

*

முதலில் அடுப்புக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். நான் பொறியியல் படித்தவன், நல்ல வடிவமைப்பைக் கண்டால் மயங்கிவிடுவேன்.

விறகு நேரடியாக எரிவதில்லை. இருநூறு, முந்நூறு டிகிரி சூடேறும்போது அதிலிருந்து வாயுக்கள் கிளம்புகின்றன. எரிவது அந்த வாயுதான். போதிய காற்றும் சூடும் கிடைக்காமல் தப்பித்துப் போகும் வாயுவைத்தான் நாம் புகை என்கிறோம். புகை என்றால் எரியாமல் வீணாய்ப் போன விறகு. மூணு கல் வைத்து மூட்டும் அடுப்பில் சூட்டின் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். சட்டிக்குள் இறங்குவது நூற்றுக்குப் பத்து பதினைந்து பங்கு.

இந்தச் சின்ன அடுப்பில் கீழ் ஓட்டைகள் வழியாகக் கொஞ்சம் காற்று விறகுக்குப் போகிறது. மீதிக் காற்று இரண்டு சுவர்களுக்கும் நடுவே ஏறிச் சூடாகி, மேல் விளிம்பில் இருக்கும் ஓட்டைகள் வழியே உள்ளே பாய்கிறது. தப்பிக்கப் பார்க்கும் வாயு அங்கே வைத்துப் பிடிக்கப்பட்டு எரிகிறது. மேல் ஓட்டை ஒவ்வொன்றிலும் தனித்தனிச் சுடர் தெரியும். கார்த்திகைக்கு அகல் வரிசை வைத்ததுபோல இருக்கும். முதல் தடவை பார்த்தபோது டீ போட்டதையே மறந்து வெறித்துக்கொண்டிருந்தேன்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த, மேலிருந்து கீழாக எரியும் அடுப்பை 1980களில் அமெரிக்காவில் டாம் ரீட் என்ற வேதியியலாளரும், ஆப்பிரிக்காவில் வேலை பார்த்த நார்வேக்காரர் பால் வெண்டல்போவும் தனித்தனியே உருவாக்கினார்கள். இரண்டு பேருமே மலையேறுகிறவர்களை மனதில் வைத்து அதைச் செய்யவில்லை. புகைக்குள் உட்கார்ந்து சமைக்கும் ஏழைப் பெண்களுக்காகச் செய்தார்கள். நம் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் இதில் பெரிய வேலை செய்திருக்கிறது. 1974ல் தொடங்கிய அதன் அஸ்த்ரா பிரிவு, அஸ்த்ரா ஒலே என்ற அடுப்பைத் தந்தது. பிறகு அங்கே வடிவமைத்த, சின்ன விசிறி வைத்த அடுப்பு ஊர்ஜா என்ற பெயரில் சந்தைக்கு வந்து லட்சக்கணக்கில் விற்றது. அதற்கான விறகு வில்லைகளின் விலை ஏறியதும் வாங்கியவர்கள் கைவிட்டார்கள். மத்திய அரசு 1980களின் தொடக்கத்தில் ஆரம்பித்து 2002ல் மூடிய புகையில்லா அடுப்புத் திட்டத்தில் நாடு முழுக்க மூன்று கோடிக்கும் மேல் அடுப்புகள் கட்டப்பட்டன. எங்கள் தெருவிலும் ரெண்டு வீட்டில் இருந்தது. ஒன்றில் குழாய் அடைத்துக்கொண்டது. இன்னொன்றை இடித்துவிட்டுக் குதிர் வைத்தார்கள்.

ஆக, ஏழை வீட்டு அடுக்களைக்கு என்று புறப்பட்ட அறிவு அங்கே போய்ச் சேரவில்லை. சேர்ந்த இடத்தில் நிலைக்கவும் இல்லை. அதே அறிவு பளபளவென்று எஃகுச் சட்டை போட்டுக்கொண்டு என் முதுகுப்பையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இது யாருடைய குற்றமும் அல்ல. ஆனால் அடுப்பைப் பற்றவைக்கும்போது இதையும் நினைத்துக்கொள்வது நல்லது.

*

அம்மாவின் அம்மை, என் ஆச்சி, பொதிகை மலையடிவாரத்து ஊர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள். அவள் காலத்தில் அந்த ஊர்ப் பெண்கள் விடியலுக்கு முன்னால் ஐந்தாறு பேராகச் சேர்ந்து மலைக்குப் போவார்கள். காய்ந்து விழுந்ததைப் பொறுக்கி, கொடியால் கட்டி, சும்மாடு வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு உச்சி வெயிலுக்குள் இறங்கிவிட வேண்டும். ஒரு கட்டு வீட்டுக்கு, ஒரு கட்டு விற்க. பிடிபட்டால் கட்டு போகும், அரிவாள் போகும், அபராதமும் கட்ட வேண்டியிருக்கும்.

சட்டம் அப்படித்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. 1882ஆம் வருடத்து வனச் சட்டம் காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் தீ மூட்டுவதையும் மரம் எடுப்பதையும் குற்றம் என்கிறது. 1962ல் முண்டந்துறையும் 1976ல் களக்காடும் சரணாலயம் ஆயின. 1988ல் இரண்டும் சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆனது. 1990களில் உலக வங்கி உதவியோடு ஒரு சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. அடிவாரத்து ஊர்களில் குழு அமைத்து, கடன் கொடுத்து, சாண எரிவாயுவும் மாற்று அடுப்பும் கொடுத்து, பெண்களை மலைக்கு விறகுக்குப் போகாமல் நிறுத்துவது அதன் முக்கியமான நோக்கம். 2006ல் ஆட்சிக்கு வந்த திமுக அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுத்தது. 2016ல் மத்திய அரசின் உஜ்வலா வந்தது. ஒரு தலைமுறை முழுக்க, "மலையில் கிடக்கும் சுள்ளி உன்னுடையது அல்ல" என்று ஆச்சிக்கும் அம்மாவுக்கும் சொல்லிக் கொடுக்கப்பட்டது. நல்லதற்காகத்தான் சொன்னார்கள். நானும் ஏற்றுக்கொள்கிறேன். காடு மூச்சு விட்டது.

இப்போது பேரன் போகிறான். அடிவாரத்தில் காரை நிறுத்துகிறான். கணுக்கால் வரை பூட்ஸ். மூன்று மணி நேரம் நடந்து ஓர் ஓடைக்கரையில் உட்கார்ந்து, பையிலிருந்து எஃகு டப்பாவை எடுத்து, ஆச்சி பொறுக்கிய அதே சுள்ளியைப் பொறுக்கிப் போட்டு, காபி கொதிப்பதைப் படம் எடுத்துப் போடுகிறான். கீழே எழுதுகிறான்: இயற்கையோடு இயைந்த வாழ்வு.

ஆச்சி செய்தால் குற்றம், பேரன் செய்தால் சாகசம். இதை எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நாமேதான் சொல்லிக்கொள்கிறோம்.

*

ஒரு நாள் இதை வண்ணார்பேட்டை டீக்கடையில் வைத்து என் நண்பர்களிடம் சொன்னேன். மூன்று பேர். மூன்று பதில்.

முதல் பதில்: "ஏல, கைப்பிடி சுள்ளி எடுக்கதுல என்னலே காடு அழியப் போவுது? மக்கிப் போறதுதான?"

மக்கிப் போவதுதான். அதுதான் அதன் வேலை. கறையானுக்கும் காளானுக்கும் அது சோறு, மண்ணுக்கு அது எரு. ஒருத்தன் ஒரு கைப்பிடி எடுத்தால் ஒன்றும் ஆகாதுதான். ஆனால் நடைபயணம் போகிறவன் காட்டில் எங்கே வேண்டுமானாலும் உட்காருவதில்லை. தண்ணீர் இருக்கும் இடத்தில், சமதரையாக இருக்கும் இடத்தில், முன்னால் போனவன் உட்கார்ந்த இடத்தில்தான் உட்காருகிறான். அந்த இடத்தைச் சுற்றி முதலில் சுள்ளி தீரும். அப்புறம் நின்ற மரத்தின் காய்ந்த கிளையை ஒடிப்போம். அப்புறம் காயாததையும். இது ஊகம் இல்லை. அனுமதிக்கப்பட்ட எந்தப் பாதையிலும் ஆட்கள் வழக்கமாகத் தங்கும் இடத்தைப் பார்த்தால் தெரியும். ஆள் உயரத்துக்குக் கீழே கிளை இருக்காது.

காணிக்காரர்கள் எடுப்பது வேறு. சேர்வலாறு, மயிலாறு, இஞ்சிக்குழி என்று காட்டுக்குள்ளேயே குடியிருக்கிறவர்கள் அவர்கள். 2006ஆம் வருட வன உரிமைச் சட்டம் அப்படிப்பட்டவர்களின் உரிமையை ஒப்புக்கொள்ளவே வந்தது. அவர்களைக் காட்டி, "அவங்க எரிக்கலையா?" என்று கேட்பது வெட்கங்கெட்ட வாதம். அவர்களுக்கு அது சோறு. நமக்கு அது பொழுதுபோக்கு.

இரண்டாவது பதில்: "இந்த அடுப்பு பாதுகாப்பானது மக்கா. தீ டப்பாவுக்குள்ளயே இருக்கு."

இதற்குத்தான் நான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அடுப்பு வாங்கிய இரண்டாம் மாதம், ஒரு பங்குனியில், மலைச்சரிவு ஒன்றில் அதைப் பற்றவைத்தேன். எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை. பெருமைப்படுகிற மாதிரி அங்கே எதுவும் நடக்கவில்லை. தட்டையான பாறை, கீழே தண்ணீர், எல்லாம் பார்த்துத்தான் வைத்தேன். தண்ணீர் கொதித்துவிட்டது. இன்னொரு சுள்ளியைச் செருகும்போது அடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நாலு கங்கு உருண்டு பாறை இடுக்கில் விழுந்தது. இடுக்கில் காய்ந்த போதைப்புல். எண்ணெய்ச் சத்து உள்ள புல் அது, வாசனைக்காகவே கசக்கிப் பார்ப்போம். 'பொஸ்' என்று ஒரு சத்தம். நான் ஈரத்துண்டை எடுப்பதற்குள் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு எரிந்துவிட்டது. இரண்டு பேர் துண்டாலும் காலாலும் அடித்து அணைத்தோம். நல்லவேளை, காற்று எங்களைப் பார்த்து வீசியது. எதிர்ப்பக்கம் வீசியிருந்தால் சரிவு முழுக்கப் புல்தான்.

கீழே இறங்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. கரி படிந்த கையை ஓடையில் கழுவியபோது எனக்கு நடுக்கம் நிற்கவில்லை.

தீ டப்பாவுக்குள்தான் இருக்கும், டப்பா நிமிர்ந்து நிற்கும்வரை. கேஸ் அடுப்பு சாய்ந்தால் திருகை மூடலாம். கங்குக்குத் திருகு கிடையாது. திருநெல்வேலிப் பக்கத்து மலைச்சரிவு கேரளப் பக்கம் மாதிரியும் இல்லை. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை அந்தப் பக்கமே வாங்கிக்கொள்ள, நமக்கு முக்கியமான மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். மாசியிலிருந்து கீழ்ச்சரிவு காய ஆரம்பிக்கிறது. நமக்கு விடுமுறை கிடைப்பதும் நடைபயணம் போகத் தோன்றுவதும் அப்போதுதான். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீக்கு நடுவே மாட்டி 23 பேர் செத்துப் போனார்கள். அந்தத் தீக்கு இப்படியோர் அடுப்பு காரணம் என்று நான் சொல்லவில்லை. காய்ந்த புல்சரிவில் தீ எவ்வளவு வேகமாக ஏறும், மனிதக் கால்கள் அதற்கு முன்னால் எவ்வளவு மெதுவானவை என்பதை அந்த நாள் காட்டியது. அதைச் சொல்கிறேன். 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவதையும் எரிகிற தீயை விட்டுவிட்டுப் போவதையும் தடை செய்கிறது. அந்தப் பிரிவை நான் படித்தது அந்தப் பங்குனிக்கு அப்புறம்தான்.

மூன்றாவது பதில் கொஞ்சம் புத்திசாலித்தனமானது: "அப்போ கேஸ் கேன் கொண்டு போகச் சொல்லுதியா? அதை ரயில்ல கொண்டு போக முடியாது. காலியானா அது குப்பை வேற. மதுர ஸ்டேஷன்ல நடந்தது மறந்து போச்சா?"

மறக்கவில்லை. 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை. மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் தடையை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். எரிவாயு சாது இல்லை. கேன் குப்பைதான், அதுவும் உண்மை. ஆனால் இந்த வாதத்தை வைத்து விறகடுப்பு ஜெயித்துவிட்டதாகச் சொல்ல முடியாது. மலையில் சுடச்சுடக் குடித்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? எங்கள் ஊரில் பயணத்துக்கு என்றே ஒரு சமையல் இருக்கிறது. புளியோதரை, நல்லெண்ணெய் தடவிய இட்லி, மிளகாய்ப்பொடி, பொரிவிளங்காய் உருண்டை. ஒரு பகல் நடைக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

*

சரி, எடை என்ற வாதத்துக்கு வருகிறேன். இந்த அடுப்பை விற்பதே எடையைச் சொல்லித்தான். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முப்பது டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க சுமார் 300 கிலோஜூல் வேண்டும். காய்ந்த விறகு ஒரு கிலோவில் 16 மெகாஜூல் அளவுக்கு இருக்கும். அடுப்பு அதில் நாலில் ஒரு பங்கை, அல்லது கொஞ்சம் குறைவாக, சட்டிக்குள் இறக்குகிறது என்று வைத்துக்கொண்டால் லிட்டருக்கு 80, 90 கிராம் சுள்ளி. எரிவாயு என்றால் 13, 14 கிராம் போதும். இரண்டு பேர், இரண்டு நாள், மொத்தம் எட்டு லிட்டர் கொதிநீர் என்றால் எரிவாயு 110 கிராம் சொச்சம்.

ஒரு சின்ன கேனில் 230 கிராம் வாயு, டப்பா எடை 150 கிராம், மேலே திருகும் பர்னர் 100 கிராம். மொத்தம் 480. என் விறகடுப்பு 400. வித்தியாசம் 80 கிராம். ஒரு எலுமிச்சம்பழத்துக்குக் கொஞ்சம் மேலே.

பத்து நாள், பதினைந்து நாள் தொடர்ந்து நடக்கிறவனுக்கு விறகடுப்பு கணக்கில் ஜெயிக்கும். கனடாவிலோ ஸ்வீடனிலோ ஈரமான பெருங்காட்டில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் அது நியாயமாகக்கூட இருக்கலாம். நாம் போவது சனி, ஞாயிறு. ஒரு எலுமிச்சம்பழ எடையை மிச்சம் பிடிக்க ஒரு மலைச்சரிவைப் பணயம் வைக்கிறோம்.

*

இந்த இடத்தில் இன்னொரு கூட்டம் என்னோடு கைகுலுக்க வரும். "விறகடுப்பே நம் மரபு, கேஸ் வந்துதான் ருசி போச்சு" என்கிற கூட்டம். நாற்கரச் சாலை ஓரத்தில் 'விறகடுப்புச் சமையல்' என்று போர்டு வைத்த ஓட்டல்களில் அவர்கள் சாப்பிட்டு ஏப்பம் விடுவதைப் பார்த்திருக்கிறேன். கையைக் கொடுக்க மாட்டேன். வீட்டுக்குள் விறகும் கரியும் சாணமும் எரிக்கிற புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. என் ஆச்சி கடைசிப் பத்து வருஷம் இருமிக்கொண்டே இருந்தாள். அம்மா கேஸ் வந்த அன்று பழைய அடுப்பைக் கடப்பாரையால் அவளே இடித்தாள். பக்கத்தில் யாரையும் விடவில்லை. ருசி போச்சு என்று அவள் முன்னால் சொல்லிப் பாருங்கள்.

விறகடுப்பு ரசனையாவது எப்போது என்றால், அது கட்டாயமாக இல்லாதபோதுதான். எனக்கு அது ரசனை. அந்த வசதி எனக்கு எங்கிருந்து வந்தது என்பது தெரிந்தால் போதும், கொஞ்சம் அடக்கம் வந்துவிடும்.

*

அப்படியானால் அடுப்பைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டேனா என்றால் இல்லை. இன்னும் வைத்திருக்கிறேன். மாதம் இரண்டு தடவை பற்றவைக்கிறேன். ஆனால் மூன்று விதி.

ஒன்று, மலைக்குக் கொண்டு போவதில்லை. பாபநாசத்துக்கு மேலே என் பையில் தீப்பெட்டிகூடக் கிடையாது. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து ஐயனார் கோயிலுக்குப் போகும்போதும் அப்படித்தான். அங்கே குடில் போட்டுத் தங்கிச் சமைப்பது தலைமுறை தலைமுறையாக வருகிற வழக்கம். தங்கும் நாள்களைக் குறைத்ததில் ஜனங்களுக்கு வருத்தம் உண்டு, அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது ஒரு ஊரே சேர்ந்து, ஒரு இடத்தில், ஒரு சாமிக்காகச் செய்கிற காரியம். அதைச் சாக்காக வைத்து நான் தனியாக ஓடைக்கரையில் தீ மூட்ட முடியாது.

இரண்டு, பற்றவைப்பது கீழே, ஆற்று மணலில். தாமிரபரணி மலையைவிட்டு இறங்கி, வயலுக்கு நடுவே அகலமாகப் படுத்துவிட்ட பிறகு. சேரன்மகாதேவி தாண்டினால் நல்ல மணல் திட்டு சில இன்னும் மிச்சம் இருக்கிறது. சுற்றிப் பத்தடிக்குப் புல் இல்லாத இடம், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வாளித் தண்ணீர். அடுப்பை மணலில் இரண்டு விரல்கடை புதைத்துவிட்டால் சாயாது. காற்று தூக்கி அடித்தால் பற்றவைக்காமல் திரும்பி வந்துவிடுவேன். ஆனி, ஆடியில் பாதி நாள் அப்படித்தான் திரும்புகிறேன்.

மூன்றாவதுதான் முக்கியம். விறகை வீட்டிலிருந்து சுமந்துகொண்டு போகிறேன். எங்கள் வீட்டில் இரண்டு தென்னை நிற்கிறது. சிரட்டை, காய்ந்த பாளை, பற்றவைக்கச் சில்லாட்டை. வேலிக்கு வெளியே யாருக்கும் வேண்டாத சீமைக்கருவேலம். அதை வெட்டி அழிக்கச் சொல்லி நீதிமன்றமே உத்தரவு போட்டிருக்கிறது. அதன் காய்ந்த கிளையை விரல் கனத்துக்கு ஒடித்து, முள் நீக்கி, ஒரு துணிப்பையில் முக்கால் கிலோ. என் கணக்குப்படி அது எட்டு லிட்டர் தண்ணீருக்கு வரும். முடிந்ததும் கங்கில் தண்ணீர் ஊற்றி, கையை வைத்துப் பார்த்து, சாம்பலைத் திரும்ப அள்ளிக்கொண்டு வந்து தென்னை மூட்டில் போடுகிறேன். ஆற்றில் போடுவதில்லை. அதற்குள் ஏற்கெனவே போதுமானது போட்டாயிற்று.

"விறகைச் சுமக்கணும்னா அப்புறம் எதுக்குல இந்த அடுப்பு?" என்று முதல் நண்பன் கேட்டான். சரியான கேள்வி. சுமக்க வேண்டாம் என்பதற்காகத்தானே அதை வாங்கினோம். சுமந்தால் அது இலேசான அடுப்பு இல்லை, உண்மைதான். முக்கால் கிலோ கூடுதல். ஆச்சி அந்த மலையிலிருந்து தலையில் இறக்கிய கட்டு அதைப்போல முப்பது பங்காவது இருக்கும்.

போன தை மாதம் அம்மாவையும் ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மணலில் உட்கார்ந்து, நான் பற்றவைப்பதை ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மேல் ஓட்டைகளில் சுடர் வரிசையாக வந்தது. குனிந்து முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோனாள். கண்ணைக் கசக்குவாள் என்று எதிர்பார்த்தேன். கசக்கவில்லை.

"பொகையே இல்லையே," என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "இதை எங்க அம்மைக்கு யாரும் குடுக்கலையே" என்றாள். அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சிரட்டைத் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவளே அடுப்பில் போட்டாள்.